டூப்ளிகேட் என்றால் போலியா? நகலுக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள், எது எங்கே பொருந்தும்

#1 — மொழிமேசை

ஆங்கில ஒப்பந்தம் ஒன்றைத் தமிழாக்கும்போது காப்பி, டூப்ளிகேட், கவுன்டர்பார்ட், சர்ட்டிஃபைட் காப்பி, கன்ஃபார்ம்டு காப்பி என்று ஐந்தும் ஒரே பக்கத்தில் வந்தால் என்ன செய்வது? ஐந்தையும் "நகல்" என்று போட்டுப் பாருங்கள்: "இந்த ஒப்பந்தம் நகல்களில் கையெழுத்தாகலாம், ஒவ்வொரு நகலும் அசலாகக் கருதப்படும், நகல் தொலைந்தால் சான்றளித்த நகல் தரப்படும்." எந்த நகல் எது என்று படிப்பவருக்குத் தெரியாது. "டூப்ளிகேட்" என்று அப்படியே விட்டாலோ, தமிழில் போலி என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது.

சட்டம், அச்சு, கலை, கணினி என அவரவர் துறையில் எந்தச் சொல் எதைக் குறிக்கிறது, எங்கே பிசகுகிறோம், தமிழில் என்ன போடலாம் என்று சொன்னால் பலருக்கும் பயன்படும்.

#2 — பத்திரவாசகர்

தமிழில் "நகல்" என்றதுமே, அசல் வேறெங்கோ இருக்கிறது என்றுதான் மனம் போகும். ஆங்கில ஆவணச் சொற்களில் பாதி அதைச் சொல்வதே இல்லை. அந்தத் தாளை யார் உண்டாக்கினார், அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதைத்தான் அவை சொல்கின்றன.

கவுன்டர்பார்ட்டிலிருந்து தொடங்குவோம், அதிகம் தடுக்குவது அங்கேதான். ஒரே வாசகம் கொண்ட தாள்கள் இரண்டு. ஒன்றில் ஒரு தரப்பார் கையெழுத்திடுகிறார், மற்றதில் மறு தரப்பார். இரண்டும் சேர்ந்து ஒரே ஒப்பந்தம். எதுவும் எதற்கும் நகல் இல்லை. "ஒவ்வொரு கவுன்டர்பார்ட்டும் அசலாகக் கருதப்படும்" என்ற வரியை வழக்கமாகச் சேர்ப்பதே, தன் கையெழுத்து மட்டும் உள்ள தாளைக் காட்டி "இது முழு ஒப்பந்தம் ஆகாது" என்று யாரும் பின்னால் சண்டைக்கு வரக்கூடாது என்பதற்காக. "இணைப்படி" என்று எழுதலாம்.

இந்தச் சொல்லுக்குள் ஒரு பழைய பொருள் கிடக்கிறது. இடைக்கால இங்கிலாந்தில் ஒரே தோலில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதுவார்கள். நடுவில் விட்ட இடத்தில் "கைரோகிராஃபம்" என்று பெரிதாக எழுதி, அந்த எழுத்துகளின் ஊடாகவே பற்கள் போல வளைத்து வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். வழக்கு வந்தால் இரண்டு துண்டையும் சேர்த்துவைத்துப் பார்ப்பார்கள். பல் பொருந்த வேண்டும், வெட்டுப்பட்ட எழுத்தும் கூட வேண்டும். பத்திரத்தைக் குறிக்கும் "இன்டென்ச்சர்" என்ற சொல் அந்தப் பல்வெட்டிலிருந்து வந்ததுதான். லத்தீனில் "டென்ஸ்" என்றால் பல்.

அடுத்து "இன் டூப்ளிகேட்". மொத்தம் இரண்டு தாள், அவ்வளவே. அசல் ஒன்று, கூடவே நகல் இரண்டு என்று மூன்று தாள் அனுப்புவது வழக்கமான பிழை. "இன் ட்ரிப்ளிகேட்" என்றால் மொத்தம் மூன்று, "குவாட்ரூப்ளிகேட்" என்றால் நான்கு. மூன்று தாள் வேண்டும் என்பதை "ஒரிஜினல் அண்ட் டூ காப்பீஸ்" என்றும் எழுதுவார்கள். எண்ணிக்கை அதேதான், ஆனால் அங்கே கையெழுத்து மையோடு வேண்டியது ஒரு தாளில் மட்டும். "டூப்ளிகேட் ஒரிஜினல்ஸ்" என்று வந்தால் எல்லாத் தாளிலும் நேரடியாகக் கையெழுத்து வேண்டும்.

சர்ட்டிஃபைட் காப்பி என்பது மூல ஆவணத்தைத் தன் காவலில் வைத்திருக்கும் அலுவலகம், "எங்களிடம் உள்ளதும் இதுவும் ஒன்றே" என்று முத்திரையிட்டுத் தருவது. அதை ஒளிநகல் எடுத்தால் கிடைப்பது சான்றுப்படியின் ஒளிநகல் மட்டுமே. சான்று அதோடு நகர்ந்து வராது. முத்திரையும் கையெழுத்தும் அந்தத் தாளிலேயே இருந்தால்தான் அது சான்றுப்படி. "ட்ரூ காப்பி" என்பது அதைவிடப் பொதுவானது; ஒப்பிட்டுப் பார்த்தவர் "மாற்றமில்லை" என்று உறுதி சொல்கிறார், அவ்வளவே.

கன்ஃபார்ம்டு காப்பி வேறு வகை. கையெழுத்தான ஆவணத்தின் வாசகத்தைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து, கையெழுத்து இருந்த இடத்தில் இரு சாய்கோடுகளுக்கு நடுவே எஸ் என்ற எழுத்தும் பக்கத்தில் கையெழுத்திட்டவர் பெயரும் போட்டிருப்பார்கள். அதைக் கையெழுத்தில்லாத வரைவு என்று எண்ணி ஒதுக்கிவிடுவது பெரிய தவறு. கையெழுத்து ஆகிவிட்டது என்று சொல்வதற்கே அந்தக் குறி.

#3 — சொல்லடி

நண்பர் மொழிமேசை தொட்ட இடம்தான் என் கவலையும். தமிழ்ப் பேச்சில் டூப்ளிகேட் என்றால் இரண்டு பொருள். "டூப்ளிகேட் சாவி" என்றால் நல்ல சாவி, "டூப்ளிகேட் மாத்திரை" என்றால் போலி மாத்திரை. கேட்பவருக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும். அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் வம்பு. "வீ ரிசீவ்டு எ டூப்ளிகேட் ப்ராடக்ட்" என்று புகார் எழுதினால், ஆங்கிலம் படிப்பவர் "ஒன்று கேட்டதற்கு இரண்டு வந்துவிட்டது போலும்" என்று எடுத்துக்கொண்டு, கூடுதலாக வந்ததைத் திருப்பி அனுப்பச் சொல்வார். போலி வந்தது என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது.

ஆங்கிலத்தில் டூப்ளிகேட் என்ற சொல்லில் ஏமாற்று இல்லை. லத்தீனில் "இரண்டாக மடித்தது" என்பதே வேர்ப்பொருள். ஏமாற்றைச் சொல்ல வேறு சொற்கள் இருக்கின்றன, அவற்றுக்குள்ளும் வேறுபாடு உண்டு. வணிகக் குறியைத் திருடி ஒட்டிய சரக்கு கவுன்டர்ஃபீட். பதிப்புரிமை உள்ள படைப்பை அனுமதியில்லாமல் பெருக்கினால் பைரேட்டட். அறிவுசார் சொத்துரிமை பற்றிய 1994ஆம் ஆண்டின் ட்ரிப்ஸ் என்ற உலக வணிக ஒப்பந்தத்தில் 51ஆம் பிரிவின் அடிக்குறிப்பு இந்த இரண்டையும் தனித்தனியாக வரையறுத்தே வைத்திருக்கிறது. அதனால் அலுவல் கடிதத்தில் ஒன்றுக்கு மற்றொன்றைப் போடாதீர்கள். நிறுவனப் பெயரை ஒட்டாமல் வடிவத்தை மட்டும் பார்த்துச் செய்த மலிவுச் சரக்கு நாக்-ஆஃப். அண்மையில் புழங்கும் "டூப்" அதற்கு நெருங்கியது, டூப்ளிகேட்டின் சுருக்கம். ஏமாளி, ஏமாற்று என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒரு "டூப்" உண்டு. அது பிரெஞ்சு வழி வந்த வேறு சொல், எழுத்துக்கூட்டு மட்டும் ஒன்று.

#4 — மொழிமேசை

மிக்க நன்றி. அப்படியானால் ஃபோர்ஜரிக்கும் கவுன்டர்ஃபீட்டுக்கும் என்ன எல்லை? கள்ள நோட்டுக்கு ஒன்று, கள்ளக் கையெழுத்துக்கு ஒன்று என்று மட்டும் கொண்டால் போதுமா?

#5 — கலைக்கூடம்

பேச்சு வழக்குக்கு அது போதும். ஆனால் ஃபோர்ஜரியில் கவனிக்க வேண்டியது வேறொன்று: எதையும் பார்த்துச் செய்யாமலேகூட ஒன்று ஃபோர்ஜரி ஆகலாம். ஹான் வான் மேகரென் என்ற டச்சு ஓவியர் 1937இல் "எம்மாவுஸில் உணவு" என்ற ஓவியத்தை வரைந்து, 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் படைப்பு என்று விற்கவைத்தார். வெர்மீர் அப்படி ஒரு படம் வரைந்ததே இல்லை. அந்த ஓவியம் எதற்கும் நகல் இல்லை, ஆனால் முழுப் போலி. எதிரும் உண்டு. வெர்மீரின் உண்மையான படம் ஒன்றைப் பார்த்து அச்சு அசலாக வரைந்து, பின்பக்கம் தன் பெயரையும் தேதியையும் எழுதிவைத்தால் அது காப்பி, குற்றம் ஒன்றும் இல்லை. ஆக்கியவர் யார் என்று பொய் சொன்னால் ஃபோர்ஜரி. தமிழில் "நகல்" என்பதையும் "போலி" என்பதையும் இதே கோட்டில் பிரித்துக்கொண்டால் பொருத்தமாக இருக்கும்.

ரெப்ளிகா என்ற சொல்லை இன்று எல்லாரும் தளர்வாக ஆள்கிறார்கள். கலை வரலாற்றில் அதற்குக் கறாரான பொருள் உண்டு. மூல ஓவியரே, அல்லது அவர் மேற்பார்வையில் அவர் பட்டறையே, மறுபடி ஆக்கியதுதான் ரெப்ளிகா. வேறொருவர் செய்தால் காப்பி. அருங்காட்சியகப் பட்டியலை மொழிபெயர்ப்பவர்கள் இதைக் கோட்டை விட்டால், ஓவியரின் கைபட்ட படைப்பு ஒரே சொல்லில் மதிப்பிழந்துவிடும். ஃப்ளாரன்ஸில் பலாஸோ வெக்கியோ வாசலில் 1910 முதல் நிற்கும் டேவிட் சிலையைப் பயண நூல்கள் ரெப்ளிகா என்கின்றன. பொது ஆங்கிலத்தில் அது சரி. கறாராகப் பார்த்தால் அது காப்பி. மிக்கேலாஞ்சலோவின் சிலை 1873 முதல் அகாதெமியா கூடத்துக்குள் இருக்கிறது.

ஃபேக்சிமிலியில் நோக்கமே வேறு. வாசகமோ உருவமோ ஒத்திருந்தால் மட்டும் போதாது. அளவு, நிறம், கறை, கிழிசல் எல்லாம் ஒத்திருக்க வேண்டும். அயர்லாந்தின் புக் ஆஃப் கெல்ஸ் என்ற பழைய நற்செய்திச் சுவடிக்கு 1990இல் வந்த ஃபேக்சிமிலியில், தோலில் இருந்த துளைகளைக்கூட அதே இடத்தில் போட்டிருந்தார்கள். "அதைப் போல் செய்" என்பதே அந்த லத்தீன் தொடருக்குப் பொருள். அதன் வெட்டுத்துண்டுதான் ஃபேக்ஸ். "உருநேர்ப்படி" பொருந்தும்.

காஸ்ட் என்றால் மூலத்தின்மேல் அச்சு எடுத்து வார்த்தது. மூலத்தைத் தொட்டே செய்வதால் உளி பட்ட தடம்கூட அதில் விழும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ரோமில் உள்ள டிரேஜன் தூண் என்ற பழைய கல்தூணின் சுதை வார்ப்பு இருக்கிறது. உயரம் கொள்ளாததால் இரண்டு துண்டாக நிற்கிறது. ரோமில் உள்ள கல் வெயிலிலும் மாசிலும் தேய்ந்துகொண்டிருக்க, அதற்கு முன் எடுத்த வார்ப்பில் சில நுட்பங்கள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. இந்த இடத்தில் நகலுக்குத் தாழ்ந்த மதிப்பு கொடுப்பது சரியில்லை.

செதுக்கு அச்சுப் படங்களைக் காப்பி என்று எழுதாதீர்கள். தகட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு தாளும் இம்ப்ரெஷன். அத்தனையும் மூலப் படைப்புகளே. ஓரத்தில் 12/50 என்று பென்சிலில் இருந்தால் மொத்தம் 50 எடுத்ததில் 12ஆவது எண் தாள் என்று பொருள். தகட்டில் விழுந்த வரிசை அதுதான் என்று கொள்ள வேண்டியதில்லை. கையெழுத்திட அடுக்கும்போது கலையும்.

#6 — கல்லெழுத்து

கலைக்கூடம் ஐயா காஸ்ட் பற்றிச் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். தமிழில் நமக்கு "மைப்படி" என்ற அருமையான சொல் இருக்கிறது, ஆங்கிலத்தில் எஸ்டாம்பேஜ். நனைத்த தாளைக் கல்வெட்டின்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, காயத் தொடங்கும்போது மேலே மை ஒற்றுவார்கள். பள்ளத்தில் மை படாது. எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கருப்பாகவும் நேர்ப்பக்கமாகவே படிக்க வரும். மை இல்லாமல் தடித்த தாளில் வெறும் பதிவாக எடுத்தால் அது ஸ்குவீஸ். அதன் பின்பக்கத்தில் எழுத்து புடைத்து, கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி நிற்கும். ஈரமில்லாத் தாளை வைத்துக் கரியாலோ மெழுகாலோ தேய்த்தால் ரப்பிங். கல்வெட்டுக் கட்டுரையில் மூன்றையும் "நகல்" என்று எழுதினால் வாசிப்புப் பிழை எப்படி நேர்ந்தது என்பதைப் பின்னால் வருபவரால் கண்டுபிடிக்க முடியாது. தாள் சரியாகப் பதியாத இடத்தில் மைப்படியில் ஒரு கோடு காணாமல் போகும், கல்லின் வெடிப்பு ஒரு கோடாக வந்து சேரும்.

#7 — மைநாடா

அலுவலகப் பக்கத்துக்கு வருகிறேன்.

டூப்ளிகேட்டரும் காப்பியரும் ஒன்றில்லை. டூப்ளிகேட்டருக்கு முதலில் ஒரு மாஸ்டர் தயாரிக்க வேண்டும்: மெழுகுத் தாளில் தட்டி எழுத்துகளைத் துளைக்கும் ஸ்டென்சில், அல்லது ஊதா எழுத்து தரும் ஸ்பிரிட் மாஸ்டர். பிறகு அதிலிருந்து நூற்றுக்கணக்கில் ஓட்டலாம். நம்மிடம் "சைக்ளோஸ்டைல்" என்று வழங்கியது ஸ்டென்சில் வகை. காப்பியருக்கு மாஸ்டர் வேண்டாம், கையில் உள்ள எந்தத் தாளையும் அப்படியே வைக்கலாம். பழைய ஆங்கிலக் குறிப்பில் "டூப்ளிகேட்டட்" என்று இருந்தால் ஒளிநகல் என்று மொழிபெயர்க்காதீர்கள்.

இன்னும் பின்னால் போனால் ஜேம்ஸ் வாட் 1780இல் காப்புரிமை வாங்கிய நகல் அழுத்தி. தனி மையில் எழுதிய கடிதத்தின்மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்துவார்கள். எழுத்து திரும்பித்தான் பதியும். தாள் மெல்லியது என்பதால் பின்பக்கமிருந்து பார்த்தால் நேராகப் படிக்கலாம். கடிதம் எழுதிய மை ஈரத்தில் கசியாத வகை என்றால் ஒன்றும் பதியாது.

கார்பன் தாளுக்கு ரால்ஃப் வெட்ஜ்வுட் காப்புரிமை பெற்றது 1806. தட்டச்சில் வைக்கும்போது கார்பனின் மைப்பக்கம் அடித்தாளை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் மேல்தாளின் முதுகில் எழுத்து கண்ணாடி போல விழும், அடித்தாள் வெறுமையாக நிற்கும். நான்கைந்து படிக்கு மேல் போனால் கடைசித் தாளில் "e", "c" என்ற ரோமன் எழுத்துகளின் உள்வெளி அடைத்து இரண்டும் ஒன்றாகிவிடும். மின்னஞ்சலில் வரும் சிசி அந்தக் கார்பன் காப்பியின் சுருக்கமே. ஆக, சிசியில் இருப்பவர் தகவலுக்காகப் படி பெறுபவர். பதில் சொல்லும் கடமை "டு" வரிசையில் இருப்பவருக்கு. பிசிசி என்றால் பிறர் கண்ணுக்குத் தெரியாத படி.

ஃபோட்டோஸ்டாட், ஜெராக்ஸ் இரண்டும் வணிகப் பெயர்கள். ஃபோட்டோஸ்டாட் ஒரு பெரிய கேமரா. ஒளியுணர் தாளில் நேரடியாகப் படம் பிடிக்கும். முதலில் வருவது கருப்பில் வெள்ளை எழுத்து. அதை மறுபடி படம் பிடித்தால்தான் வெள்ளையில் கருப்பு. ஜெராக்ஸ் முறையில் ஈரமே இல்லை. அதைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று எடுத்த முதல் படியில் அந்தத் தேதியும் அஸ்டோரியா என்ற இடப்பெயரும்தான் இருந்தன. கிரேக்கத்தில் "க்ஸெரோஸ்" என்றால் உலர்ந்தது. 1959இல் வந்த 914 இயந்திரத்துக்கு அந்த எண், 9க்கு 14 அங்குலத் தாள் வரை நகலெடுக்கும் என்பதால். தமிழில் "ஜெராக்ஸ்" நிலைத்துவிட்டது, பேச்சில் அதை மாற்ற வேண்டியதில்லை. அலுவல் ஆங்கிலத்தில் மட்டும் ஃபோட்டோகாப்பி என்று எழுதுங்கள்.

#8 — நினைவகம்

கணினியில் இந்தச் சொற்களைக் குழப்பினால் தரவே போய்விடும்.

மிரர் என்பது பேக்கப் ஆகாது. மிரரில் இரண்டு வட்டுகளும் நொடிக்கு நொடி ஒன்றாகவே இருக்கும். ஒன்று பழுதானால் மற்றது காக்கும். ஆனால் நீங்கள் ஒரு கோப்பைத் தவறி அழித்தால் அந்த அழிப்பும் உடனே இரண்டிலும் நடந்துவிடும். பேக்கப் என்றால் காலத்தால் பின்தங்கிய, தனியாக வைத்த படி. நேற்றைய நிலைக்குப் போக முடிய வேண்டும். ஒரு நேரத்து நிலையை மட்டும் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் பெரும்பாலும் அதே வட்டில்தான் இருக்கும், வட்டு போனால் அதுவும் போகும்.

க்ளோன் என்றால் அடையாளம் உட்பட எல்லாம். வட்டை க்ளோன் செய்தால் அதன் அடையாள எண்ணும் சேர்ந்து வரும். இரண்டையும் ஒரே கணினியில் மாட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று இயங்குதளம் தடுமாறும், சில சமயம் தவறான வட்டில் எழுதும். க்ளோன் எடுத்தபின் ஒன்றைக் கழற்றிவிட்டுத் தொடங்குவதே பாதுகாப்பு.

நிரல் எழுதுபவர்கள் ஷாலோ காப்பி, டீப் காப்பி வேறுபாட்டில் அடிபடுவார்கள். பைத்தானில் பட்டியலுக்குள் பட்டியல் வைத்து வெளிப்பட்டியலை மட்டும் காப்பி செய்தால், உள்பட்டியல்கள் இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும். "நகலின்" உள்பட்டியலில் ஓர் எண்ணை மாற்றினால் மூலத்திலும் மாறும். இது ஷாலோ காப்பி. உள்பட்டியல்களையும் சேர்த்துப் படியெடுப்பது டீப் காப்பி. "மேற்படி", "முழுப்படி" என்று வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

டூப்ளிகேட் கோப்புகளைக் களையும் மென்பொருள் பைட் பைட்டாக ஒத்ததை மட்டும்தான் நிச்சயமாகச் சொல்லும். ஒரே படத்தை ஜேபெக்காக மறுபடி சேமித்தாலே கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் ஷா-256 என்ற அடையாள மதிப்பு அடியோடு மாறிவிடும், கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தாலும். அதற்கு நியர்-டூப்ளிகேட் என்று பெயர். அதைக் கண்ணால் பார்க்காமல் அழிக்காதீர்கள், பெரிய கோப்பு போய்ச் சிறியது தங்கிவிடும்.

#9 — சொல்லடி

உச்சரிப்பையும் இலக்கணத்தையும் சேர்த்துவிடுகிறேன். டூப்ளிகேட் வினையாக வந்தால்தான் கடைசி அசை "கேட்". பெயராகவோ அடையாகவோ வந்தால் "டூப்ளிகட்" என்று தேய்ந்து ஒலிக்கும். ரெப்ளிகாவில் அழுத்தம் முதல் அசையில். ஃபேக்சிமிலியில் இரண்டாம் அசையில், கடைசி "லி"யை விழுங்கக் கூடாது.

"டூப்ளிகேட் காப்பி" கூறியது கூறல், ஒன்று போதும். "காப்பி ஆஃப்" என்றால் எதன் படி என்று பொருள், "காப்பிடு ஃப்ரம்" என்றால் எங்கிருந்து எடுத்தது என்று பொருள்.

காப்பிக்கு எந்த நகலெடுப்பும் இல்லாத பொருளும் உண்டு. "மை காப்பி ஆஃப் தி புக்" என்றால் என்னிடம் உள்ள புத்தகம், அவ்வளவே. "500 காப்பீஸ்" என்பதற்குத் தமிழில் "500 பிரதிகள்" சரி, "500 நகல்கள்" தவறு. நகல் என்றால் திருட்டுப் பதிப்பு போல ஒலிக்கும். பன்மையே இல்லாத இன்னொரு காப்பி விளம்பர, இதழ் வாசகத்தைக் குறிக்கும். காப்பிரைட்டர் அதை எழுதுபவர். காப்பிரைட் என்ற பதிப்புரிமையில் கடைசிப் பகுதி உரிமையைக் குறிக்கும் ரைட். எழுதுவதைக் குறிக்கும் ரைட்டைப் போட்டு எழுதுவது பரவலான பிழை. மூலச் சொல் லத்தீன் "கோபியா", பொருள் மிகுதி, வளம்.

#10 — அளவுகோல்

அறிவியலில் "அஃபிஷியல் காப்பி" என்ற தொடரும் உண்டு. 1889 முதல் உலகுக்கெல்லாம் கிலோகிராம் என்பது பாரிஸ் அருகே செவ்ரில் வைத்திருந்த ஒரு பிளாட்டினம் இரிடியம் உருளை. அதற்கு அதிகாரபூர்வமான படிகள் ஆறு. ஏறத்தாழ நூறாண்டு கழித்து ஒப்பிட்டபோது படிகளுக்கும் மூலத்துக்கும் 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு வந்திருந்தது, பெரும்பாலான படிகள் மூலத்தைவிடக் கனத்திருந்தன. ஆனால் வரையறைப்படி மூலம் தவறவே முடியாது. அது இளைத்திருந்தாலும் அதுதான் ஒரு கிலோ. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி என்ற மாறாத இயற்பியல் எண்ணை வைத்து வரையறுத்த பிறகே அந்தச் சிக்கல் தீர்ந்தது. மூலம் எது, படி எது என்பதை ஒப்புமை தீர்மானிக்காது, ஏற்பாடு தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் கிடைக்காது.

#11 — மொழிமேசை

எல்லாருக்கும் நன்றி. இப்படி வைத்திருக்கிறேன்: கவுன்டர்பார்ட் — இணைப்படி. டூப்ளிகேட் — இரட்டைப்படி. சர்ட்டிஃபைட் காப்பி — சான்றுப்படி. கன்ஃபார்ம்டு காப்பி — கையெழுத்து விவரம் ஏற்றிய படி. ஃபோட்டோகாப்பி — ஒளிநகல். அந்த வரி இப்போது: "இந்த ஒப்பந்தம் இணைப்படிகளில் கையெழுத்தாகலாம், ஒவ்வோர் இணைப்படியும் அசலாகக் கருதப்படும், இரட்டைப்படி தொலைந்தால் சான்றுப்படி தரப்படும்."

#12 — பத்திரவாசகர்

நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். கடைசித் துண்டில் தொலைந்தது எது என்று ஆங்கில வாசகத்தை மறுபடி பாருங்கள். "டூப்ளிகேட்" தொலைந்தால் என்று தனியாக இருந்தால், இரண்டில் ஒன்று தொலைந்தது என்று பொருள், மற்றொன்று இன்னும் முழு மதிப்போடு இருக்கும். அப்போது "இரட்டைப்படிகளில் ஒன்று தொலைந்தால்" என்று எழுதுங்கள். "டூப்ளிகேட் இஷ்யூ செய்யப்படும்" என்று இருந்தாலோ, தொலைந்ததற்குப் பதிலாக அலுவலகம் புதிதாகத் தரும் ஆவணம் அது. அங்கே "இரட்டைப்படி" பொருந்தாது, "மாற்றுப்படி" என்று போட வேண்டும். சான்றிதழ், பங்குப் பத்திரம் போன்றவற்றில் வருவது இந்த இரண்டாம் வகை; அதில் மாற்றுப்படி வந்ததும் பழைய தாள் செல்லாததாக அறிவிக்கப்படுவது வழக்கம்.